மும்பை என்று சொன்னவர்

எங்கள் கடைக்கு வந்து யார் எதைக் கேட்டாலும் அந்தம்மா முதலில் சொல்கிற வார்த்தை ஒன்றுதான். "தெரிலண்ணா." அதோடு நிறுத்தினாலாவது பரவாயில்லை. அடுத்த மூச்சிலேயே ஒரு நேரத்தையும் சொல்வார். "கேட்டுக்கினு நாலு மணிக்குச் சொல்றேன்." நாலு மணி என்றால் நாலு மணிக்குப் போன் போகும். பதில் கிடைத்திருந்தால் பதில். கிடைக்காவிட்டால், "இன்னும் தெரிலண்ணா, நாளைக்குப் பதினோரு மணி." இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண், உத்திரமேரூரில் என்னைவிடப் பெரிய கம்ப்யூட்டர்காரராக ஆகிவிட்டார். பெயரை எழுதவில்லை. எழுதினால் எனக்கு இன்னும் கொஞ்சம் எரியும்.

நான் எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்தவனில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் ஒரு ஜெராக்ஸ் மெஷினைப் போட்டு உட்கார்ந்தவன். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். கல்யாண மண்டபம், அரிசி மில், டியூஷன் சென்டர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு அந்த வெப்சைட்டுகளை வைக்க இடமும் நாமே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. எங்கோ ஓர் ஊரில் இரவு பகலாக ஓடுகிற கணினியில் மொத்தமாக ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து, அதைக் கூறுபோட்டு உள்ளூர்க்காரர்களுக்கு உள்வாடகைக்கு விடுவது. அதற்குப் பெயர் ஹோஸ்டிங். அந்தக் கணினிக்குப் பெயர் சர்வர்.

அந்தம்மா என்னிடம் வேலைக்கு வந்தது விண்ணப்பம் டைப் அடிக்க. புள்ளலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். போன் வந்தால் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ஒக்காந்துக்கினு பேசுனா ஊர்க்கதை வந்துடுதுண்ணா. நின்னா கால் வலிக்குது, சீக்கிரம் முடிஞ்சிடுது" என்றார். மனிதர்கள் சொல்கிற இந்த மாதிரிப் பேச்சுகளை நான் சேர்த்துவைப்பவன். அவரிடமிருந்து சேர்த்ததுதான் அதிகம் என்பதையும் வேண்டாவெறுப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

வந்த ஆறாவது மாதத்திலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

வாலாஜாபாத்திலிருந்து ஓர் அரிசி மில்காரர் வருவார். மில்லின் பெயரில் அனுப்பும் மெயில் எல்லாம் வியாபாரிகளுக்குக் குப்பைப் பெட்டியில் போய் விழுகிறது என்பது அவர் குறை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, அரைமணி நேரம் விளக்கினேன். ஒரு தாளில் அம்புக்குறியெல்லாம் போட்டுக் காட்டினேன். மனிதர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் முடித்ததும் திரும்பி, அந்தம்மா உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ இன்னா சொல்ற?"

"எனுக்கு அது தெரிலண்ணா. நாலு மணிக்குச் சொல்லட்டா?"

"சரி, அப்ப நான் கெளம்பறேன்." முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நான் வரைந்த தாள் மேஜையிலேயே கிடந்தது. நான் சொன்னது சரியான பதில் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நாலு மணிக்கு அந்தம்மா சொன்னதும் அதே பதில்தான். ஆனால் வாலாஜாபாத் முழுக்கப் பரவியது, அந்தம்மா கண்டுபிடித்தார் என்று.

வீட்டிலும் இதே கதை. என் மனைவி தன் போனில் படம் அழிந்துவிட்டது என்று புலம்பினாள். நான் கையை நீட்டினேன். "நீ வுடு. நீ தெரியும் தெரியும்னு சொல்லியே போன தபா இருந்ததையும் அழிச்ச. அக்காகிட்ட குடுக்கறேன், அவங்க தெரியாதுன்னு சொல்லுவாங்க" என்றாள். தெரியாது என்று சொல்லப்போகிறவரிடம் போனைக் கொடுக்கிறேன் என்று பெண்டாட்டியே சொல்லும்போது புருஷன் எங்கே போவான்?

சரி, அந்த வார்த்தையில்தானே எல்லாம் இருக்கிறது, நானும் சொல்லிப் பார்ப்போம் என்று ஒருநாள் துணிந்தேன். மண்டபத்து மேனேஜர் வந்து, முகூர்த்தத் தேதிகள் வெப்சைட்டில் ஏன் தப்பாகக் காட்டுகிறது என்று கேட்டார். காரணம் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தம்மா மாதிரியே முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, "தெரியலயே சார், கேட்டு நாலு மணிக்குச் சொல்றேன்" என்றேன்.

மேனேஜர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இன்னா சார் சொல்ற? உனுக்கே தெரியாதா? அப்ப நாங்க யார்கிட்ட போறது? அடுத்த வாரம் எம்எல்ஏ வூட்டுக் கல்யாணம் கீது சார்." பிறகு மெதுவாக மூலைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா..."

அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அந்தம்மா வாயில் நம்பிக்கையாக இருக்கிற வார்த்தை என் வாயில் ஏன் ஆபத்தாகிறது என்று புரியவில்லை. இப்போது புரிகிறது. அவர் சொன்னது உண்மை. நான் சொன்னது நடிப்பு. நெல் பிடித்துப் பார்த்த கைகள், ஆளையும் அப்படித்தான் பிடித்துப் பார்க்கின்றன.

இந்த நிலையில்தான் சர்வர் மாற்றவேண்டி வந்தது.

அதுவரை நாங்கள் வாடகைக்கு இருந்த சர்வரை அதன் கம்பெனி மூடப்போவதாக மெயில் வந்தது. எங்களிடம் அப்போது நாற்பது சொச்சம் வெப்சைட்டுகள். அவற்றில் பெரியது, நெல் அறுப்பு மெஷின் வைத்திருப்பவர்களின் சங்கத்துடையது. சுற்றுவட்டார விவசாயி போனைத் திறந்து, டயர் மெஷினா பெல்ட் மெஷினா, எந்த ஊர், எத்தனை காணி என்று அழுத்தினால் மெஷினுக்கு முறை போட்டுக்கொடுக்கும். அதை நான் செய்துகொடுத்த பிறகுதான் மற்றவர்கள் என்னை நம்பி வந்தார்கள். சங்கத் தலைவர் எங்கே போகிறாரோ அங்கேதான் மில்லும் மண்டபமும் போகும். அவர் போய்விட்டால் நான் மறுபடி ஜெராக்ஸ்காரன்.

புது சர்வரை எந்த நாட்டில் எடுப்பது என்பது முதல் கேள்வி. நான் ஜெர்மனி என்று முடிவு செய்துவைத்திருந்தேன். அதே விலைக்கு அங்கே மூன்று மடங்கு மெமரி தருகிறார்கள். அதோடு, "உங்க வெப்சைட்டு ஜெர்மனில கீதுண்ணா" என்று ஒரு கஸ்டமரிடம் சொல்வதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அதன் சுகமே தனி.

அந்தம்மாவிடம் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இத்த பாக்கப்போறவங்க எங்க கீறாங்கண்ணா?"

"எங்க இருப்பாங்க? இங்கதான்."

"அப்ப பொட்டிய எதுக்கு அம்மாந்தூரம் வெக்கறோம்?"

"வெளிச்சம் போற வேகத்துல போவும்மா. உனக்கு அது தெரியாது."

"தெரிலதான். அப்ப போய்ப் பாத்துட்டு வரட்டா?"

ஜெர்மனிக்கா போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போனது பஸ்ஸில் கூரம் கிராமத்துக்கு. அதற்கு முன் மும்பை, சிங்கப்பூர், ஜெர்மனி மூன்று இடத்திலும் ஒரு வாரம் இலவசமாகப் பார்த்துக்கொள்ளத் தருகிற சர்வர்களைப் பிடித்து, மெஷின் சங்கத்துப் பக்கத்தையே மூன்றிலும் போட்டுவைத்தார். பிறகு ஊர் ஊராகப் போய், விவசாயிகள் கையில் இருக்கிற அதே கீறல் விழுந்த போனை வாங்கி, பக்கத்தைத் திறந்துவிட்டு வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவருக்கு ஸ்டாப்வாட்ச் வேண்டாம். பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடுகிற மாதிரி நின்ற இடத்தில் நின்று எண்ணுவதைக் கூரத்துக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, "நல்ல பொம்பள" என்பார்கள்.

மூன்று நாட்காட்டித் தாள்களோடு திரும்பினார். மும்பை எல்லா ஊரிலும் ரெண்டு எண்ணுவதற்குள் வந்துவிட்டது. சிங்கப்பூர் மூணு, நாலு. ஜெர்மனி ஆறு. ஏரிக்கரையில் சிக்னல் ஒரு கோடு இருக்கிற இடத்தில் ஒன்பது.

"ஒன்பது எண்ணுற வரைக்கும் அவங்க நிக்கலண்ணா. போனை என் கைல குடுத்துட்டு மாட்டைப் பாக்கப் போய்ட்டாங்க."

இரண்டாவது கேள்வி, அந்தச் சர்வரை எப்படிப் பிரித்துத் தருகிறார்கள் என்பது. ஒரு பெரிய கணினியைப் பல சின்னக் கணினி போலப் பிரிப்பதை வர்ச்சுவலைசேஷன் என்பார்கள். அதில் இரண்டு வகை உண்டு என்பது எனக்குத் தெரியும். விற்கிற கம்பெனிக்கு நானே போன் செய்தேன். எதிர்முனையில் இருந்த பையன் திருச்சிப் பக்கத்துத் தமிழில் பேசினான். அவன் ஏதோ விளக்க வாயெடுக்கும்போதெல்லாம், "ஐ நோ, ஐ நோ, மெமரி எவ்வளவு?" என்று நான் வெட்டினேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்குத் தெரியவேண்டும் அல்லவா? அவன் மெமரியைச் சொன்னான். திருப்தியாக வைத்துவிட்டேன்.

மறுநாள் அதே பையனுக்கு அந்தம்மா போன் செய்ததை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கம்போல எழுந்து நின்றுகொண்டு பேசினார்.

"தம்பி, எனக்கு இது ஒண்ணும் தெரியாதுப்பா. டைப் அடிக்க வந்தவ. ரெண்டு வகைன்றாங்களே, உங்க அம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லேன்."

அரைமணி நேரம் அந்தப் பையன் பேசியிருக்கிறான். வைக்கும்போது, "நீ சாப்ட்டியாப்பா?" என்று வேறு கேட்டார். என்னிடம் அவன் சொல்லாதது எல்லாம் தாளில் இருந்தது.

"அண்ணா, மலிவா கீதே அந்த வகை, அது ஒரே மீட்டர்ல ஆறு குடித்தனம் வெச்ச மாதிரியாம். ரூமு தனி, கரண்டு ஒண்ணு. பக்கத்து வூட்ல கிரைண்டரு போட்டா நம்ம ஃபேன் சுத்தாது. மூணு மடங்கு மெமரின்றானே, அது அக்கம்பக்கத்துல யாரும் எடுக்காதப்பதான். இன்னொரு வகை தனி மீட்டர். அளவு கம்மிதான். ஆனா அது நம்மளுது, ஒருத்தன் தொட முடியாது. மும்பையில தனி மீட்டர் எடுத்துடலாம்ணா. அந்தத் தம்பியே சொல்லுச்சி, அவங்க அம்மாவா இருந்தா அதான் எடுத்துக் குடுப்பேன்னு."

தாளில் தப்பு ஒன்றுமில்லை. நானே மூன்று தரம் படித்தேன். என் கடை, நான் படித்த படிப்பு, நான் தேடிய கஸ்டமர். டைப் அடிக்க வந்த அம்மா ஒரு பஸ் பயணத்திலும் ஒரு போனிலும் முடித்துவிட்டார். மும்பை என்று எடுத்தால் ஊர் என்ன சொல்லும்? அந்தம்மா சொன்னாங்க, இவரு எடுத்தாரு.

ஜெர்மனி எடுத்தேன். மலிவான வகை. ஒரே மீட்டர். ஏன் என்று அந்தம்மா கேட்டதற்கு, ரேட்டு என்று சொன்னேன். ரேட்டு இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். "சரிண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாற்பது வெப்சைட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அவரே அங்கே ஏற்றினார். ஒரு முணுமுணுப்பு இல்லை. முணுமுணுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை. நானும் பத்துப் பேரிடம் ஜெர்மனி என்று சொல்லிக்கொண்டேன்.

தை மாதம், சம்பா அறுப்பு நேரம். ஒருநாள் காலை வானம் மூடிக்கொண்டு வந்தது. இரண்டு நாளில் மழை என்று எல்லாப் போனிலும் செய்தி. ஈர வயலில் டயர் மெஷின் இறங்கினால் புதைந்துவிடும். எல்லாருக்கும் பெல்ட் மெஷின் வேண்டும், எல்லாருக்கும் இன்றே வேண்டும். எட்டு மணிக்குச் சுற்றுவட்டாரமே ஒரே நேரத்தில் சங்கத்துப் பக்கத்தைத் திறந்தது. போன் திரைகளில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் கம்பெனிக்கு எழுதினேன். அதே பெரிய கணினியில் குடியிருக்கிற வேறு யாரோ மெமரியை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் திட்டத்தில் இது சகஜம் என்று பதில் வந்தது. எந்த ஊரிலோ எவனோ கிரைண்டர் போட்டிருந்தான். எங்கள் ஃபேன் நின்றுவிட்டது.

ஒன்பதரைக்கு மாடிப்படியில் சத்தம். சங்கத் தலைவர், கால் முழுக்கச் சேறு. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மூலைக்குப் போனார்.

"ஏம்மா, ஊர்ல கீறவன் எல்லாம் என்னைப் புடிச்சி உலுக்கறான். கதிரு நிக்குது, மழ வருது. ஏன் வரல? இன்னா ஆச்சி?"

அந்தம்மாவுக்குக் காரணம் அட்சரம் அட்சரமாகத் தெரியும். தாள் அவர் மேஜை இழுப்பறையிலேயே இருக்கிறது. எடுத்து நீட்டினால் போதும். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு நீட்டியிருப்பேன்.

அந்தம்மா என் பக்கம் திரும்பவில்லை. "தெரிலண்ணா. பாக்கறோம்" என்றார்.

அவ்வளவுதான். நேரம் சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் நேரம் சொல்லாமல் சொன்ன ஒரே "தெரில" அது. அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்கு அதனால்தான் தெரிந்தது. எனக்காகச் சொல்கிறார் என்பதும்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா மெட்ராஸ்ல கம்பெனி கீது, அவன்கிட்ட குடுத்துட்டுப் போய்க்கினே இருப்போம். சொல்லிட்டேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

அந்தம்மா நின்றுகொண்டே போனில் ஊர் ஊராக முறை எழுத ஆரம்பித்தார். நான் ஒரு வார்த்தை பேசாமல் மும்பையில் தனி மீட்டர் எடுத்தேன். மதியத்துக்குள் சங்கத்துப் பக்கத்தை அங்கே மாற்றினோம். சில போன்களில் உடனே திறந்தது, சிலதில் சாயங்காலம் ஆனது. அதுவரை அவர் எழுதிய சீட்டை வைத்துத்தான் மெஷின்கள் ஓடின.

நன்றியாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அதுவரை அறிவில்தான் என்னைத் தாண்டியிருந்தார். இப்போது மனசிலும் தாண்டிவிட்டார். எதிலாவது ஒன்றில் எனக்கு இடம் விட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு தலைவரைத் தேடிப் போனேன். அந்தம்மா எனக்குக் கொடுத்த அந்தப் பொய்யோடு கடையில் உட்காரமுடியவில்லை. தலைவர் வரப்பில் நின்று மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தில் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. நல்லதாகப் போயிற்று, இதையெல்லாம் மெதுவாகச் சொல்ல என்னால் முடியாது.

"அண்ணா, நேத்து நின்னதுக்குக் காரணம் நான்தான். மலிவுன்னு தப்பான சர்வரு எடுத்துட்டேன். அந்தம்மா அப்பவே மும்பைல எடுக்கச் சொன்னாங்க. நான்தான் கேக்கல. இப்ப மாத்தியாச்சு. இனிமே நிக்காது."

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மெய்யாவா? எனுக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்னிக்கே மெட்ராஸ்காரனுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அது சரி, அப்பவே சொல்லிச்சா அந்தப் பொண்ணு? சொல்லிட்டும் நேத்து என்கிட்ட காட்டிக் குடுக்கல பாரு."

"ஆமாண்ணா."

"அதான் மனுஷி. அது இருக்கற வரைக்கும் நாங்க எங்கியும் போவல, போ."

கடை பிழைத்தது. என் குற்றத்தை நானே வாய்விட்டு ஒப்புக்கொண்டதில் எனக்கும் ஒரு வார்த்தை கிடைக்கும் என்று வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அது நம்பரு சொல்லு. கடை போனு வாணாம், சொந்த நம்பரு. இனிமே எதுன்னாலும் நேரா அதாண்ட பேசிக்கறோம். நீ ஏன் நடுவுல பேஜார் பட்டுக்கினு."

அந்த எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதே தெரியும். அப்படியேதான் ஆயிற்று. ஒன்றரை வருஷம் கழித்து அந்தம்மா வாலாஜாபாத்தில் சொந்தமாக ஹோஸ்டிங் தொடங்கியபோது, சங்கமும் மில்லும் மண்டபமும் ஒரு போனில் அங்கே போய்விட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்கள், அதையும் அந்தம்மாதான் சொல்லச் சொன்னாராம்.

வரப்பில் நின்று எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன். தலைவர் தடித்த விரலால் அழுத்தி முடித்து, திருப்பிப் படித்தார்.

"கடைசி மூணா?"

மெஷின் வயலின் கோடிக்குப் போய்த் திரும்பியது. மூணு என்று நான்தான் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருந்தேன்.

"இல்லண்ணா" என்றேன். "எட்டு."